மெர்னா, லாராவெல்லா, ஜாங்கோவா? முதல் வெப் அப்ளிகேஷனுக்குக் கருவி தேடுகிறவருக்கு

நீங்கள் கேட்டது இது: பி.காம். முடித்திருக்கிறீர்கள். கையில் 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. அப்பாவின் மளிகைக் கடையில் யார் எவ்வளவு கடன் என்று எழுதிவைக்கிற நோட்டுக்குப் பதிலாக ஒரு வெப் அப்ளிகேஷன் செய்ய வேண்டும். அது நன்றாக வந்தால் இதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை. ஒருவர் மெர்ன் படி என்கிறார், ஒருவர் லாராவெல் என்கிறார் (இரண்டும் வெப் அப்ளிகேஷன் கட்டும் கருவித்தொகுப்புகள்), இன்னொருவர் முதலில் மேக்புக் வாங்கு என்கிறார். எதில் தொடங்குவது?

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. லேப்டாப்பை மாற்ற வேண்டாம். நிரல் எழுதுகிற எடிட்டருக்கு விஎஸ் கோட். பிரவுசர் குரோமோ ஃபயர்ஃபாக்ஸோ, எது பழக்கமோ அது. ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் எந்த ஃபிரேம்வொர்க்கும் (வெப் அப்ளிகேஷனுக்கான ஆயத்தச் சட்டகம்) இல்லாமல் சில வாரம் பழகுங்கள். அப்புறம் பைத்தான் மொழி, அதன்மேல் ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க். தகவலைச் சேமித்துவைக்கிற டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட். முதல் நாளிலிருந்தே கிட், அதாவது நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கருவி. அவ்வளவுதான். ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட், டாக்கர், மங்கோடிபி எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

இந்தப் பட்டியலை ஒரே ஒரு கேள்வி வைத்துத்தான் பொறுக்கினேன்: இது ஓடாமல் நிற்கும்போது, எங்கே நின்றது என்று நீங்களே கண்டுபிடிக்க முடியுமா? புதிதாக வருகிறவரின் நேரம் நிரல் எழுதுவதில் அதிகம் போவதில்லை. எழுதியது ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில்தான் போகிறது. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவருக்கு இது இன்னும் பெரிய விஷயம். எது வேகமானது, எதற்குச் சம்பளம் அதிகம் என்ற சண்டையெல்லாம் இதற்கு அப்புறம்.

மெர்னை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கோடிபி (டேட்டாபேஸ்), எக்ஸ்பிரஸ் (சர்வர் பகுதி), ரியாக்ட் (பிரவுசரில் தெரியும் திரை), நோட் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டுவது) என்ற நான்கின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. நான்குமே நல்ல கருவிகள். ஆனால் "முருகன், 250 ரூபாய்" என்று ஃபாரத்தில் போட்டுச் சேமி பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று வையுங்கள். தவறு ரியாக்ட் ஃபாரத்தில் இருக்கலாம். பிரவுசரிலிருந்து சர்வருக்கு அனுப்பிய விதத்தில் இருக்கலாம். ரியாக்ட் ஒரு போர்ட்டிலும் (கணினியின் எண்ணிட்ட வாசல்) எக்ஸ்பிரஸ் இன்னொரு போர்ட்டிலும் ஓடுவதால் பிரவுசர் பாதுகாப்புக்காகத் தடுத்திருக்கலாம். கார்ஸ் எரர் என்று எல்லோரும் புலம்புவது இதைத்தான். எக்ஸ்பிரஸ் வந்த தகவலைப் பிரித்துப் படிக்காமல் விட்டிருக்கலாம். மங்கோவோடு இணைப்பே கிடைக்காமல் இருக்கலாம். ஐந்து இடம், ஐந்து விதமான எரர், அதில் பாதி பிரவுசரிலும் பாதி டெர்மினலிலும் (கட்டளை அடிக்கிற திரை) வரும். ஜாங்கோவில் இதே ஃபாரத்துக்கு ஒரு சர்வர், ஒரு டெர்மினல். தவறு நடந்தால் எந்த ஃபைல், எந்த வரி என்று பிரவுசரிலேயே மஞ்சள் தலைப்போடு ஒரு பக்கம் வந்து நிற்கும்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

லேப்டாப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 8 ஜிபி போதும். உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், மேக்புக் வாங்க வைத்திருக்கும் பணத்தில் ஒரு சிறு துண்டைச் செலவழித்து எஸ்எஸ்டி போடுங்கள். வேறு எந்த மாற்றமும் இவ்வளவு பலன் தராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. 11க்குப் போக முடிந்தால் போங்கள். முடியாத பழைய மெஷின் என்றால் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்ளலாம்; நாளைக்கு உங்கள் அப்ளிகேஷன் ஏறப்போகிற சர்வரிலும் அநேகமாக லினக்ஸ்தான் இருக்கும்.

விண்டோஸிலேயே இருந்தால் தொடங்கும் முன் இரண்டு வேலை செய்துவிடுங்கள். முதலாவது, ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். நோட்பேடில் எழுதி இண்டெக்ஸ் டாட் ஹெச்டிஎம்எல் என்று சேமித்தவருக்கு, உண்மையில் அது பின்னால் ஒரு டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியாது. பிரவுசரில் திறந்தால் பக்கத்துக்குப் பதிலாக எழுதிய குறிகளே அப்படியே தெரியும். ஹெச்டிஎம்எல் தனக்கு வராது என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டிவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, புராஜெக்ட்டை டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வைக்காதீர்கள். இப்போதெல்லாம் அந்த ஃபோல்டர்களை விண்டோஸ் பல மெஷின்களில் ஒன்டிரைவோடு கோத்துவிடுகிறது. ஒரு ஜாங்கோ புராஜெக்ட்டுக்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் வந்து விழும். அத்தனையையும் ஒன்டிரைவ் மேலே ஏற்றப் பார்க்கும், நடுநடுவே ஏதாவது ஃபைலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், லேப்டாப் திணறும். சி டிரைவில் நேராக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குச் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயர் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். பெரும்பாலும் ஓடவும் செய்யும். என்றைக்காவது ஒரு பழைய கருவி அதில் இடறும்போது காரணம் பிடிபடாது, அதனால் வேண்டாம்.

விஎஸ் கோட் 2015இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, இலவசம். வேறு எடிட்டரில் ஏற்கெனவே கை பழகியிருந்தால் அதிலேயே இருங்கள். எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கிற எக்ஸ்டென்ஷன்கள்தான் புதியவர்களுக்குப் பெரிய மயக்கம். முப்பது எக்ஸ்டென்ஷன் பட்டியலிடும் வீடியோக்களைத் தாண்டிவிடுங்கள். பைத்தானுக்கு மைக்ரோசாஃப்டே தருகிற ஒன்று, ஹெச்டிஎம்எல் பழகும் வாரங்களில் லைவ் சர்வர், நிரலை ஒழுங்காக அடுக்கிக்கொடுக்கும் ஒன்று, இந்த மூன்று போதும். தாவலில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தெரிந்தால் அந்த ஃபைல் இன்னும் சேமிக்கப்படவில்லை என்று பொருள். "மாற்றினேன், ஆனால் பக்கம் மாறவே இல்லை" என்கிற புகாரில் பெரும்பங்கு அந்தப் புள்ளியைப் பார்க்காததால் வருவது.

எடிட்டரைவிட முக்கியமான கருவி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, அதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். எஃப்12 அழுத்தினால் திறக்கிற டெவலப்பர் டூல்ஸ். அதில் நெட்வொர்க் என்ற தாவலில்தான் நீங்கள் முதல் சில வாரங்கள் வாழ வேண்டும். ஃபிரேம்வொர்க் எதுவும் தொடாமல் ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலில் பெயர், தொகை என்று இரண்டு கட்டம், ஒரு பட்டன். முதலில் அனுப்பும் முறையைக் கெட் என்று வையுங்கள். பெயரில் முருகன் என்று தமிழில் அடித்து அனுப்புங்கள். நீங்கள் போட்ட தகவல் முகவரிப் பட்டையிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். அந்த முகவரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். முருகன் இருந்த இடத்தில் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீண்ட வால் ஒன்று இருக்கும். எண்ணினால் 63 குறிகள்.

ஏன் 63? முருகன் நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது மகரம், உகரக் குறி, ரகரம், உகரக் குறி, ககரம், னகரம், புள்ளி என்று ஏழு. ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறியீட்டு முறையில் மூன்று பைட் பிடிக்கும், ஆக 21. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறியாக எழுதப்படும், ஆக 63. ஜாவாஸ்கிரிப்டிடமோ பைத்தானிடமோ இந்தப் பெயரின் நீளம் என்ன என்று கேட்டால் ஏழு என்றுதான் சொல்லும். இதைத் தெரிந்துகொள்வது வேடிக்கைக்கு மட்டுமல்ல. பெயர்க் கட்டத்துக்கு 20 எழுத்து வரம்பு வைத்தால் ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கும், தமிழில் ஓரளவு நீளமான பெயர்கூட உள்ளே போகாது. கடைக்காரரும் வாடிக்கையாளர்களும் தமிழில் புழங்கும்போது இந்தச் சிக்கல் முதல் வாரமே வரும். ஆங்கிலப் பாடங்களில் இது வருவது அபூர்வம்.

அடுத்து அதே ஃபாரத்தை போஸ்ட் முறைக்கு மாற்றுங்கள். முகவரியில் ஒன்றும் தெரியாது. தகவல் நெட்வொர்க் தாவலில் அந்த வரியைத் தட்டினால் பேலோடு என்ற இடத்தில் இருக்கும். வாங்கவும் பார்க்கவும் கெட், சேர்க்கவும் மாற்றவும் போஸ்ட். இந்த வித்தியாசம் விரல்நுனியில் வந்துவிட்டால் எந்த ஃபிரேம்வொர்க்கும் பாதி புரிந்த மாதிரிதான்.

இங்கேயே இன்னொன்று. போஸ்ட் வந்ததும் சேமித்துவிட்டு அப்படியே "பதிந்தாயிற்று" என்று ஒரு பக்கத்தை சர்வர் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அந்தப் பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்கிறார். பிரவுசர் ஏதோ கேட்கிறது, அவர் சரி என்று தட்டுகிறார். முருகன் கணக்கில் 250 இன்னொரு முறை ஏறிவிட்டது. அதனால்தான் சேமித்தவுடன் பக்கத்தை அனுப்பாமல் "இந்த முகவரிக்குப் போ" என்று பிரவுசரைத் திருப்பிவிடுகிறார்கள். நெட்வொர்க் தாவலில் முதலில் 302 (வேறு முகவரிக்குப் போ) என்று ஒரு வரி, அதற்குக் கீழே 200 (சரி) என்று ஒரு வரி தெரிந்தால் வேலை சரியாக நடக்கிறது. கடன் நோட்டு மாதிரி ஒரு விஷயத்தில் இது கௌரவப் பிரச்சினை. ஒருமுறை தவறாக ஏறினால் அந்த வாடிக்கையாளர் கம்ப்யூட்டர் கணக்கை அதற்கப்புறம் நம்பமாட்டார்.

இனி மொழியும் ஃபிரேம்வொர்க்கும். ஜாங்கோ அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவானது. 2005இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அந்தப் பிறப்பு அதன் உடம்பிலேயே தெரியும். செய்தி அறையில் நிரல் எழுதுகிறவர் ஒருவர், தகவலை உள்ளே போடுகிறவர்கள் வேறு பலர், எல்லாம் இன்றைக்கே வேண்டும். அதனால் அட்மின் என்று ஒரு பகுதி கூடவே வருகிறது. வாடிக்கையாளர் என்று ஓர் அட்டவணை, பற்றுவரவு என்று ஓர் அட்டவணை, இரண்டையும் பைத்தானில் சில வரிகளில் விவரித்துவிட்டால், சேர்க்க, திருத்த, தேட, அழிக்க ஒரு முழுத் திரை தயாராகிவிடும். லாகின் உட்பட. நீங்கள் ஹெச்டிஎம்எல் ஒரு வரி எழுதும் முன்பே அப்பா அதில் பதிந்து பார்க்கலாம்; இந்தக் கட்டம் வேண்டாம், அந்தக் கட்டம் வேண்டும் என்று சொல்லலாம். முதல் வாரத்திலேயே கிடைக்கிற அந்தக் கருத்துக்கு விலையே இல்லை.

லாராவெல் மோசமா? இல்லவே இல்லை. 2011இல் வந்தது, பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, மலிவான ஹோஸ்டிங் எங்கும் கிடைக்கும். உங்கள் தெருவிலோ நண்பர் வட்டத்திலோ லாராவெல் நன்றாகத் தெரிந்த ஒருவர், மாலையில் அரைமணி நேரம் உங்கள் திரையைப் பார்க்கத் தயாராக இருந்தால், நான் மேலே சொன்ன ஜாங்கோவை மறந்துவிட்டு லாராவெல்லுக்குப் போங்கள். இரண்டு ஃபிரேம்வொர்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிட அந்த ஆள் பெரிது. மெர்னுக்கும் இதே பதில்தான், ஒரே ஒரு மாற்றத்தோடு: டேட்டாபேஸை மட்டும் மங்கோவாக வைக்காதீர்கள். கடன் கணக்கு என்பது ஒருவருக்குப் பல பதிவுகள், ஒவ்வொரு பதிவும் யாருடையது என்ற உறவு, கடைசியில் ஒரு கூட்டுத்தொகை. அட்டவணைகளும் அவற்றிடம் கேள்வி கேட்கிற எஸ்கியூஎல் மொழியும் இந்த மாதிரி வேலைக்கென்றே வந்தவை. எஸ்கியூஎல் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூட வரும்.

"ஆனால் வேலை விளம்பரம் எல்லாம் ரியாக்ட் கேட்கிறதே?" கேட்கத்தான் கேட்கிறது. ரியாக்டை இரண்டாவதாகப் படியுங்கள், கடை அப்ளிகேஷன் ஓடத் தொடங்கிய பிறகு. ஜாவாஸ்கிரிப்ட் தெரியாமல் ரியாக்ட் படித்தவர்கள் நேர்முகத்தில் மாட்டிக்கொள்வது அங்கேதான். இன்னொரு காரணமும் உண்டு. அந்த உலகம் வேகமாக நகர்கிறது. வருடக்கணக்காக ரியாக்ட் பாடங்கள் எல்லாம் கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியில்தான் தொடங்கின. 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே புதிய அப்ளிகேஷன்களுக்கு அதைக் கைவிட்டுவிட்டது. யூடியூபில் தேடினால் இன்னமும் பழைய பாடங்கள்தான் முதலில் வரும். என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் கிடங்கு) வழியாக இறக்கும் தொகுப்புகளும் ஒன்றை ஒன்று தொங்கிக்கொண்டிருப்பவை: 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற வெறும் 11 வரி நிரலை அதை எழுதியவர் எடுத்துவிட்டதும், உலகெங்கும் எத்தனையோ புராஜெக்ட்டுகள் கட்டமுடியாமல் நின்றன. அனுபவசாலிக்கு அது ஒரு மதிய நேரத் தலைவலி. தொடங்குகிறவருக்கு, தன் தவறா உலகத்தின் தவறா என்றே தெரியாத நிலை. ஜாங்கோவில் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பை எடுங்கள். 5.2 அப்படிப்பட்டது, 2025 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. படிக்கிற ஆவணமும் அதே பதிப்புக்கானதா என்று பக்கத்தின் ஓரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் நிறுவும்போது விண்டோஸில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். நிறுவியின் முதல் திரையில் கீழே பாத்தில் (கட்டளைகளை விண்டோஸ் தேடுகிற இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு பெட்டி இருந்தால் அதை டிக் செய்யுங்கள். விட்டுவிட்டால், டெர்மினலில் பைத்தான் என்று அடித்ததும் பைத்தானுக்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்து உங்களைப் பார்த்துச் சிரிக்கும். அடுத்தது வர்ச்சுவல் என்விரான்மென்ட். ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் தனியாக ஒரு பைத்தான் பெட்டி போட்டுக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஜாங்கோவை மாற்றினால் மற்றது கெடாது. அதைச் செயல்படுத்தும்போது பவர்ஷெல், இந்த சிஸ்டத்தில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் கத்தும். பயப்பட வேண்டாம். விஎஸ் கோட்டின் டெர்மினல் பகுதியில் பவர்ஷெல்லுக்குப் பதில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெட்டியின் பெயர் தெரிகிறதா என்று ஒவ்வொரு நாளும் பாருங்கள். அது தெரியாமல் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

எஸ்கியூலைட் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. தனி சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது, முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஒரு கடைக்கு இது ஏராளம். தொகையை மட்டும் ஃப்ளோட் என்ற தசம எண் வகையில் வைக்காதீர்கள். பிரவுசர் கன்சோலில் 0.1 + 0.2 என்று அடித்துப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணக்கு நோட்டில் இதை அனுமதிக்க முடியாது. தொகையைப் பைசாவாக முழு எண்ணில் வைத்து, காட்டும்போது 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பெயர்களை வரிசைப்படுத்தச் சொன்னால் மறைமலை முதலிலும் மலர்விழி பின்னாலும் வருவார்கள். யூனிகோட் அட்டவணையில் றகரம் லகரத்துக்கு முன்னால் இருப்பதால் இப்படி. நம் நெடுங்கணக்கில் ல முன்னால், ற பின்னால். தமிழ் அகரவரிசை தெரிந்த வரிசையாக்கக் கருவிகள் தனியே உண்டு, அவற்றை அப்புறம் சேர்க்கலாம். இப்போதைக்கு யாரும் கேட்கும்போது சொல்லக் காரணம் தெரிந்தால் போதும்.

கிட் பற்றிப் பெரிய புத்தகமே படிக்கத் தேவையில்லை. ஆட், கமிட், லாக், டிஃப், ரீஸ்டோர் என்று ஐந்து கட்டளை முதல் மாதத்துக்குப் போதும். பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் கூட இன்னொருவர் வேலை செய்யும்போது. ஒரு சின்ன விஷயம் ஓடத் தொடங்கியதும் கமிட், அதாவது அந்த நிலையைப் பதிந்துவிடுங்கள். பிறகு எதைக் கெடுத்தாலும் அந்த இடத்துக்குத் திரும்பலாம் என்ற தைரியம் வந்துவிட்டால், நீங்கள் பயமில்லாமல் சோதித்துப் பார்ப்பீர்கள். முதல் கமிட்டுக்கு முன்பே, கிட் தொடக்கூடாதவற்றைப் பட்டியலிடுகிற கிட்இக்னோர் ஃபைல் ஒன்று போட்டு, டேட்டாபேஸ் ஃபைலையும் வர்ச்சுவல் என்விரான்மென்ட்டையும் அதில் எழுதிவிடுங்கள். ஜாங்கோவின் செட்டிங்ஸ் ஃபைலில் சீக்ரெட் கீ என்று ஒன்று இருக்கும். அதையும் தனி ஃபைலுக்கு மாற்றி இக்னோரில் சேருங்கள். ஒருமுறை கமிட் ஆகிவிட்டால் பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். ஊரார் கடன் விவரத்தோடு டேட்டாபேஸ் ஃபைலை, நிரலை இணையத்தில் வைக்கிற கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டால், அப்புறம் அப்பா கடை வாசலில் நிற்க முடியாது.

ஏஐ உதவியாளரைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எரர் செய்தியைக் கொடுத்து இதற்கு என்ன பொருள் என்று கேட்கத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பொறுமையான ஆசிரியர் அது. முதல் இரண்டு மாதம் எடிட்டருக்குள் தானாக வரியை முடித்துத் தருகிற வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். முழு அப்ளிகேஷனையும் எழுதிக்கொடு என்றால் எழுதிக்கொடுக்கும், ஓடவும் கூடும். ஆனால் அப்பா வந்து "பாதிப் பணம் கட்டினால் எப்படிப் போடுவது?" என்று கேட்கிற அன்று, எந்த ஃபைலைத் திறப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் பெயரையும் கடனையும் அதில் ஒட்டாதீர்கள், கற்பனைப் பெயர் போதும்.

போனில் பார்ப்பது எப்படி? கடையில் அப்பா லேப்டாப் திறக்கப் போவதில்லை. லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில் இருந்தால், ஜாங்கோவின் ரன்சர்வர் கட்டளைக்குப் பின்னால் 0.0.0.0:8000 என்று சேர்த்து ஓட்டுங்கள். லேப்டாப்பின் உள் முகவரி 192.168.1.5 மாதிரி ஏதாவது இருக்கும். போன் பிரவுசரில் 192.168.1.5:8000 என்பது போல அடியுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். முதல் முறை பக்கம் வராது, எரர்தான் வரும். படித்துப் பாருங்கள்: இந்த முகவரியை அலவ்டு ஹோஸ்ட்ஸ் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கலாம் என்று அதுவே சொல்லும். இந்தக் குணத்துக்காகத்தான் ஜாங்கோவைச் சொன்னேன்.

இணையத்தில் ஏற்றுவதை அவசரப்படாமல் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது டீபக் என்ற அமைப்பை (எரர் விவரத்தைத் திரையில் காட்டுவது) அணைத்தாக வேண்டும். அந்த உதவிகரமான மஞ்சள் பக்கம் உங்கள் நிரலின் உள்விவரங்களை ஊருக்கே காட்டும். எங்கே ஏற்றுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஹெரோகு போன்ற, ஆப்பை இணையத்தில் ஓட்டித் தருகிற பல சேவைகளில் டிஸ்க் நிரந்தரமில்லை. ஆப் மறுபடி தொடங்கும்போது, அது ஓடிய காலத்தில் எழுதிய ஃபைல்கள் எல்லாம் போய்விடும். எஸ்கியூலைட் ஒரு ஃபைல்தானே? ஆக நேற்றுப் பதிந்த கடன் எல்லாம் காலையில் காணோம். பழைய பாடங்கள் பலவும் ஹெரோகுவின் இலவசத் திட்டத்தை நம்பி எழுதப்பட்டவை, அந்த இலவசம் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டது. பைத்தான்எனிவேர் மாதிரி ஃபைல் நிலைத்து நிற்கிற இடம், அல்லது மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்கு ஒரு சின்ன லினக்ஸ் சர்வர், இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். எந்தச் சேவையானாலும் பணம் கட்டும் முன் "டிஸ்க் நிரந்தரமா?" என்று அவர்கள் ஆவணத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் ஃபைலைத் தினமும் ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலை வெறுமனே காப்பி செய்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டலாம். எஸ்கியூலைட்டுக்கென்றே பேக்கப் கட்டளை உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். பல பேர் ஒரே நேரத்தில் பதிகிற நிலை வந்தாலோ, டிஸ்க் நிலைக்காத சேவைக்குப் போக நேர்ந்தாலோ, அப்போது போஸ்ட்கிரஸ் என்ற பெரிய டேட்டாபேஸுக்கு மாறலாம். ஜாங்கோவில் அதற்கு செட்டிங்ஸில் சில வரி மாற்றம், பழைய தகவலை டம்ப்டேட்டா கட்டளையால் எடுத்து லோட்டேட்டாவால் ஏற்றுவது, அவ்வளவுதான் வேலை.